டேப்பில் ஒரு காது

ஐம்பத்தாறு வயதுவரை அடுத்தவர் ஸ்க்ரூ ஒன்றைக்கூடத் திருடாத ஐஸ்காரர், அன்று காலை பதினொன்று பத்துக்குத் தன் வாழ்க்கையின் முதல் குற்றத்தைச் செய்தார்.

இடம், கடைத்தெரு முனை பேக்கரியின் பின்கட்டு. ஆயுதம், மஞ்சள் கைப்பிடி போட்ட சின்ன ஸ்க்ரூடிரைவர். கூட்டாளி, பேக்கரிக்காரர். மாவு படிந்த பனியனோடு வாசலை அடைத்துக்கொண்டு நின்று, யாராவது வருகிறார்களா என்று பார்ப்பதற்குப் பதிலாக ஐஸ்காரர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, உள்ள மூணடுக்குக் கேக் இருக்கு. நாளைக்குக் காலையில கல்யாணம். க்ரீம் இளகிச்சுன்னா பொண்ணு வீட்டுக்காரங்க என்னையே மூணா அடுக்கிடுவாங்க."

"கதவைத் திறக்காம இருந்தா சாயங்காலம் வரைக்கும் குளிர் நிக்கும்யா. இளகுச்சா இளகுச்சான்னு நீ நிமிஷத்துக்கு ஒரு தரம் எட்டிப் பாக்காம இரு, போதும்."

"பாக்காம எப்படிண்ணே இருக்கிறது?"

"அப்ப இளகத்தான் செய்யும்."

ஐஸ்காரர் என்று எல்லோரும் கூப்பிட்டாலும் அவர் ஒருநாளும் ஐஸ் விற்றதில்லை. ஃபிரிட்ஜ், ஃப்ரீசர், குளிர் அறை என்று குளிர வேண்டிய எது குளிராமல் போனாலும் அவரைத்தான் தேடி வருவார்கள். பேக்கரியின் குளிர் அறையும் அவர் கையால் போட்டதுதான். பக்கச் சுவரில் இருந்த இரும்புப் பெட்டியைத் திறந்தார். மெயினை அணைத்தார். 'குளிர் போதவில்லை, ஓடு' என்று மெஷினுக்குச் செய்தி கொண்டுபோகிற ஒற்றை வயரைக் கழற்றினார். மறுபடி மெயினைப் போட்டார். விளக்கு எரிந்தது. காற்றாடி சுற்றியது. கம்ப்ரஸர் மட்டும் கப்சிப்.

"பாக்கிறவங்களுக்குக் கம்ப்ரஸர் செத்த மாதிரியே இருக்கும். கெட்டிக்கார மெக்கானிக்கா இருந்தாலும் முதல்ல அதைத்தான் பிரிப்பான். ரெண்டு மணி நேரம் ஓடிடும்."

"பாப்பா கெட்டிக்காரியாச்சே."

"அதான் ரெண்டு மணி நேரம். வேற எவனா இருந்தாலும் ரெண்டு நாள்."

அத்தோடு பெட்டியை மூடிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் கழற்றிய வயரின் செம்பு நுனி பெட்டிக்குள் வெறுமனே தொங்கிக்கொண்டிருந்தது. முப்பத்திரண்டு வருஷத்தில் ஒரு வெறும் நுனியை அப்படி விட்டுவிட்டு வந்தவர் இல்லை அவர். மனசு வாசலுக்குப் போய்விட்டது, கை போகவில்லை. அது மெயினை மறுபடி அணைத்தது. பாக்கெட்டிலிருந்து கறுப்பு டேப்பை எடுத்தது. மூன்று சுற்று சுற்றி, கடைசிக் கால் அங்குலத்தைத் தன்மேலேயே மடித்து, எலிக்குஞ்சுக் காது மாதிரி ஒன்றை நீட்டிவிட்டு, மெயினைப் போட்டது.

குற்றவாளி அதைக் கவனிக்கவில்லை.

"ரெண்டேகாலுக்கு நீ போன் பண்றே. கம்ப்ரஸர் ஓடலைங்கிறே. வேற ஒண்ணும் சொல்லாதே."

"அண்ணே, நான் ஒண்ணு கேக்கறேன். போக வேணாம்னு வாயால ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சிடும். இதுக்கு எதுக்கு என் கேக்கைப் பணயம் வெக்கிறீங்க?"

ஐஸ்காரர் ஸ்க்ரூடிரைவரைத் துடைத்துப் பைக்குள் வைத்தார்.

"சொன்னா 'சரிப்பா'ன்னு இருந்துடுவாய்யா. அப்புறம் தினமும் அந்த மூஞ்சியைப் பாத்துக்கிட்டு எவன் சாப்பிடறது?"

பாப்பா என்பது அவர் மகள். வயது இருபத்து நாலு. கேஸ் சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறுகிறவளை இன்னமும் பாப்பா என்றுதான் கூப்பிட்டார்கள்.

படிப்பை முடித்த கையோடு அப்பாவின் பட்டறைக்கு வந்தவள். செம்புக் குழாய் வேலை ஒற்றை ஆளால் ஆகாது. ஒருவர் குழாயை அசையாமல் பிடிக்க வேண்டும், ஒருவர் இணைப்பைப் பற்றவைக்க வேண்டும். முதல் நாலு வருஷம் அவர் பற்றவைத்தார், அவள் பிடித்தாள். கடைசி இரண்டு வருஷமாக அவள் பற்றவைக்கிறாள், அவர் பிடிக்கிறார். எப்போது மாறியது என்று இருவருக்கும் தெரியாது. வேலை முடிந்ததும் சுவிட்சைப் போடுமுன் கண்ணை மூடி மூன்று விநாடி நிற்பாள். 'சுவிட்ச் ஜெபம்' என்று அவர் கிண்டல் செய்வார். ஆனால் அந்த மூன்று விநாடியும் அவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மலைமேல் இருக்கும் மிஷன் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ் இவர்கள் சபைக்கு வந்து பேசினார். அற்புதம் அதிசயம் என்று எதுவும் சொல்லவில்லை. ஒரு வியாழக்கிழமை அவர்கள் ஃபிரிட்ஜ் நின்றுவிட்டது. வெள்ளிக்கிழமை பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் இரண்டரை மணி நேரம் நடந்து வந்தார்கள். அதற்குள் தடுப்பூசி மருந்தெல்லாம் கெட்டுப்போயிருந்தது. மருந்தைக் குழி தோண்டிப் புதைத்தாயிற்று, தாய்மாரைத் திருப்பி அனுப்பியாயிற்று. "ஜெபம் பண்ண எங்ககிட்ட ஆள் இருக்கு. ஃபிரிட்ஜ் பாக்கத்தான் ஆள் இல்லை" என்று சொல்லிவிட்டு நர்ஸ் உட்கார்ந்துவிட்டார்.

அன்றைக்குப் பாட்டுக் குழுவில் பாப்பா வாயைத் திறக்கவே இல்லை. வீட்டுக்கு நடந்து வருகையில் ஒன்றே ஒன்று சொன்னாள்.

"அப்பா, அது அரை மணி நேர வேலையா இருந்திருக்கும்பா."

அந்த அரை மணி நேரம் அவள் காலில் முள்ளாக ஏறிவிட்டது. மிஷனுக்கு எழுதிப் போட்டாள். 'உன்னை அறிமுகப்படுத்தி உன் கையாலேயே ஒரு பக்கம் எழுது' என்று பதில் வந்தது. வேலைச் சீட்டுகளின் முதுகில் ஒன்பது தடவை எழுதி ஒன்பது தடவை கிழித்தாள். பத்தாவதை யாருக்கும் காட்டாமல் தபாலில் சேர்த்தாள். இந்த மிஷனுக்கு ஒரு வழக்கம்: ஆளை ஆபீசுக்குக் கூப்பிட்டு விசாரிக்க மாட்டார்கள். வீட்டுக்கே வந்து, கூட வாழ்கிறவர்கள் மத்தியில் வைத்துப் பார்ப்பார்கள். வீட்டில் இல்லாதவரை எடுக்க மாட்டார்கள். வருகிற டாக்டரம்மாவுக்கு இன்று மூன்றிலிருந்து நாலு வரைதான் நேரம். நாலரைக்கு அவர் பஸ். விட்டால் அடுத்த வருஷம்.

அந்த ஒரு வருஷத்தைத்தான் ஐஸ்காரர் ஒற்றை வயரில் தொங்கவிட்டுவிட்டு வந்திருந்தார்.

வீட்டில் மத்தியானச் சாப்பாடு ஒத்திகையோடு நடந்துகொண்டிருந்தது. ஜன்னல் வழியே அனல் வந்தது. அம்மா, பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற தையல் மெஷினை மூலைக்குத் தள்ளி, தைத்து அடுக்கியிருந்த நீலப் பாவாடைகளைக் கட்டில்மேல் ஏற்றி, கூடத்துக்கு ஒரு மரியாதையை உண்டாக்கியிருந்தாள். தட்டில் முட்டையும் கீரையும். கரண்டியை நீட்டிக்கொண்டு அம்மாதான் டாக்டரம்மா.

"சொல்லும்மா, உன்னைப் பத்திச் சொல்லு."

"நான் வந்து... ஃபிரிட்ஜ்..."

"நீ ஃபிரிட்ஜா?"

"அம்மா!"

"நான் அம்மா இல்லை, டாக்டர். ஏன் இந்த வேலைக்கு வரணும்னு நினைக்கிறே?"

பாப்பா கீரையைப் பார்த்தாள். கீரை உதவிக்கு வரவில்லை. "அது... நர்ஸ் சொன்னாங்கல்ல... அப்புறம்... எழுதினேனே, அதையே படிச்சுக்கக் கூடாதா?"

"கிழிஞ்சது போ. கேஸ் லீக்கைப் பத்திக் கேட்டா ஒரு மணி நேரம் பேசுவா. தன்னைப் பத்திக் கேட்டா கொழுக்கட்டை விழுங்கின மாதிரி முழிக்கிறா. அப்படியே உங்க ரத்தம்" என்று அம்மா ஐஸ்காரர் பக்கம் திரும்பினாள். "நீங்க என்ன, முட்டையைக் கையில வெச்சுக்கிட்டு அடைகாக்கறீங்களா? சாப்பிடுங்க."

"பசிக்கல."

"காலையில எங்க போனீங்க?"

"பேக்கரி வரைக்கும்."

"ரொட்டி எங்க?"

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவும் முடியாது. "தீர்ந்துபோச்சாம்" என்றார்.

"பேக்கரியில ரொட்டி தீர்ந்துபோச்சா? காலையில பதினொரு மணிக்கா?"

ஆண்டவர் கருணையால் போன் அடித்தது. ரெண்டேகாலுக்கு அடிக்க வேண்டியது, ரெண்டு ஐந்துக்கே அடித்தது. பேக்கரிக்காரருக்குப் பொறுமை போதவில்லை. பாப்பா எடுத்தாள். அவர் குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

"பாப்பா! கம்ப்ரஸர் போயிடுச்சும்மா! திடீர்னு! தானா! யாரும் தொடல! யாருமே தொடல!"

ஐஸ்காரர் கண்ணை மூடிக்கொண்டார். மடையா, வேறு ஒன்றும் சொல்லாதே என்றேனே.

பாப்பா போனை வைத்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள்.

"அப்பா, நீங்க போறீங்களா?"

அதற்கும் ஏற்பாடு தயாராக இருந்தது. எழுந்திருக்கப் போனவர், பாதியில் நின்று, இடுப்பில் கை வைத்தார். "ஆ... பிடிச்சுக்கிச்சு."

"இப்பத்தானே நல்லா நடந்து வந்தீங்க?" என்றாள் அம்மா.

"பிடிப்பு என்ன, சொல்லிட்டா வரும்?"

"அப்ப கேக் கிடக்கட்டும். இவ போகக் கூடாது. டாக்டரம்மா வந்து வாசல்ல நிப்பாங்க. ஒரு வருஷமா காத்துக்கிட்டிருக்கா பிள்ளை!"

பாப்பா ஏற்கெனவே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். "நாளைக்குக் கல்யாணம்மா. அந்தக் கேக் அவங்களுக்கு ஒரு தரந்தானே. நான் நாலு மணிக்குள்ள வந்துடறேன். அவங்க வந்தா பேசிட்டு இருங்க." அப்புறம் அப்பாவிடம் கையை நீட்டினாள். "உங்க டேப்பைக் குடுங்கப்பா. என்னோடது தீர்ந்துபோச்சு."

அவர் பாக்கெட்டிலிருந்து கறுப்பு டேப்பை எடுத்துக் கொடுத்தார். கொடுக்கும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் அதை இடுப்பு வலி என்று நினைத்துக்கொண்டாள்.

"படுத்துக்கோங்கப்பா. நான் வந்து தைலம் தேச்சு விடறேன்."

குற்றம் செய்வது சுலபம். குற்றம் செய்த முதுகுக்குத் தைலம் தேய்க்க ஒருத்தி வரப்போகிறாள் என்பதுதான் கஷ்டம்.

மூன்றடித்து இரண்டு நிமிஷத்துக்கு டாக்டரம்மா வந்தார். கூடவே சபைப் போதகர், குடையோடு. டாக்டரம்மா குள்ளம், அறுபது வயது, காலில் துணி ஷூ, ஆளுக்குப் பொருந்தாத பெரிய குரல். உட்காருமுன்னே சமையலறையை எட்டிப் பார்த்தார், தண்ணீர்ப் பானையைத் தொட்டுப் பார்த்தார், நீலப் பாவாடைகளில் ஒன்றை எடுத்துத் தையலைப் பார்த்து "நல்ல கை" என்றார். அம்மா அந்த நிமிஷமே அவருக்கு அடிமை.

விஷயத்தைச் சொன்னார்கள். கேக், கம்ப்ரஸர், இடுப்பு.

"அடடா" என்றார் போதகர். "இன்னிக்குன்னு பாத்தா?"

"இடுப்பா? எந்தப் பக்கம்?" என்றார் டாக்டரம்மா.

டாக்டர் என்றால் நிஜ டாக்டர் என்பதை ஐஸ்காரர் கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்தார்.

"இடப்பக்கம்."

டாக்டரம்மா அழுத்தினார். "இங்கயா?"

"ஆமா."

"இங்க?"

"அங்கயும்."

"இங்க?"

"அங்கதான் ரொம்ப."

"அது வலப்பக்கம்" என்றார் டாக்டரம்மா. அவர் கையிலிருந்த பேனா நழுவித் தரையில் விழுந்து கட்டிலுக்கடியில் உருண்டது.

சின்ன சாமான் ஒன்று கீழே விழுந்தால், அது எங்காவது ஓடி ஒளிந்துகொள்ளுமுன் பாய்ந்து எடுப்பது மெக்கானிக் ஜாதியின் பிறவிக் குணம். ஐஸ்காரர் மடாரென்று குனிந்து, கட்டிலுக்கடியில் கையை விட்டு, பேனாவை எடுத்து, துடைத்து நீட்டினார். நீட்டிய பிறகுதான் தான் எங்கே நிற்கிறோம் என்பது உறைத்தது.

டாக்டரம்மா பேனாவை வாங்கிக்கொண்டார். அவர் இடுப்பை ஒரு தரம், பேனாவை ஒரு தரம் பார்த்தார். அந்தப் பார்வையில் ஐஸ்காரருக்கு நிஜமாகவே எங்கோ வலித்தது.

"சரி. மகள் வரும்வரைக்கும் நீங்க சொல்லுங்க. எப்படிப்பட்ட பிள்ளை?"

வாய்ப்பு வெள்ளித் தட்டில் வந்தது. குறையாகச் சொன்னால் போதும். பொய்கூட வேண்டாம்.

"பிடிவாதம்" என்று ஆரம்பித்தார். "லீக் எங்கன்னு தெரியாம கேஸ் ஏத்த மாட்டா. நாளைக்குப் பாத்துக்கலாம், இப்போதைக்கு ஏத்திட்டுப் போவோம்னா கேக்க மாட்டா. சோப்பு நுரையை வெச்சுக்கிட்டு ஒவ்வொரு இணைப்பா, ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம். மூணாவது மாடி, வெயில், சோறு தண்ணி கிடையாது."

டாக்டரம்மா எழுதினார்.

"எதிர்த்துப் பேசுவா. போன வருஷம் ஒரு கறிக்கடை ஃப்ரீசர். நான் பாத்த வேலை. மூணு நாள் கழிச்சு 'அப்பா, அந்த வால்வை நீங்க தப்பா மாட்டிட்டீங்க'ன்னா. அது ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு, கடைக்காரனுக்கே தெரியாது. இவளா போய், 'எங்க தப்பு, திருப்பி மாட்டித் தர்றோம்'னு சொல்லிட்டு வந்தா. நான் ரெண்டு நாள் பேசல."

"அவ பேசினாளா?"

"அவ எங்க பேசாம இருந்தா! ரெண்டு நாளும் டீ போட்டுக் கொண்டாந்து வெச்சுட்டு, 'கோவம் ஆறிடும், டீ ஆறக் கூடாது'ன்னா."

போதகர் சிரித்தார். அம்மா முந்தானையால் வாயை மூடினாள். ஐஸ்காரருக்கு உள்ளே ஏதோ சறுக்கியது. இறங்குகிறோம் என்று நினைத்துக்கொண்டு படிப்படியாக ஏறிக்கொண்டிருந்தார்.

"இன்னும் குறை இருக்கா?" என்றார் டாக்டரம்மா.

"தன்னைப் பத்திப் பேச வராது."

"அது தெரியும்." அவர் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். "எங்களுக்கு வர்ற கடிதமெல்லாம் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். நான் இருட்டில கிடந்தேன், வெளிச்சத்தைக் கண்டேன், என்னை அனுப்புங்கன்னு. தப்பில்லை. ஆனா இதைப் படிச்சுட்டுத்தான் நானே நேர்ல வரணும்னு வந்தேன். நீங்க படிச்சிருக்கீங்களா?"

"காட்டல."

டாக்டரம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

'எனக்கு என்னைப் பற்றிச் சொல்ல வராது. நான் பெரிய பாவியாக இருந்து திருந்தியவள் இல்லை. பெரிய பக்திமானும் இல்லை. இயேசுவை எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டால், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையை எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்பதுபோல இருக்கிறது. ஜெபத்தில் எனக்கு வார்த்தை குறைவு. வேலை செய்யும்போது அவர் பக்கத்தில் இருப்பது தெரியும்.

என் அப்பா ஃபிரிட்ஜ் மெக்கானிக். வயரில் டேப் சுற்றினால் கடைசி நுனியை மடித்துச் சின்னதாக ஒரு காது விடுவார். அடுத்து அதைப் பிரிக்கிறவர் பிளேடு தேடாமல், நகம் கிழியாமல் பிடித்து இழுப்பதற்காக. அந்த அடுத்த ஆள் யாரென்று அப்பாவுக்குத் தெரியாது. அவர் வந்து நன்றி சொல்லப் போவதும் இல்லை. ஆனாலும் அப்பா ஒரு தடவைகூடக் காது விடாமல் வந்ததில்லை. ஊழியம் என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது அதில்தான். நான் பார்க்கப்போகாத ஒருவருக்காக வேலை செய்ய ஆசைப்படுகிறேன்.'

டாக்டரம்மா காகிதத்தை மடித்தார்.

தெருவில் தார் உருகுகிற வெயில். ஐஸ்காரருக்குள் மூன்று டிகிரி.

காது.

அந்தப் பெட்டிக்குள் காது விட்டோமா? விட்டோம். ஒரு தடவைகூட விடாமல் வந்ததில்லையே. எந்த வயராவது தானாகக் கழன்று, தனக்குத்தானே டேப் சுற்றிக்கொண்டு, மடித்துக் காதும் விட்டுக்கொள்ளுமா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் போய், அதன்மேல் கையெழுத்தும் போட்டுவிட்டு வந்திருக்கிறார்.

போன் அடித்தது. எழுந்து ஓடினார். இடுப்பு ஞாபகமே வரவில்லை.

"அண்ணே" பேக்கரிக்காரர் கிசுகிசுத்தார். "பெட்டியைத் திறந்தா. ரெண்டே நிமிஷம். அப்புறம் அப்படியே மாவு மூட்டைமேல உக்காந்துட்டா. நான் ஒண்ணும் சொல்லலண்ணே, கேக்குமேல சத்தியம். அப்புறம் மாட்டினா, ஓட விட்டா, சீட்டு எழுதி வெச்சா, குளிர் ஏறுற வரைக்கும் நின்னு பாத்தா, இப்பத்தான் கிளம்பினா."

"ஏதாவது சொன்னாளா?"

"சொன்னா. 'மாமா, ரொட்டி இருக்கா? அப்பா காலையில வாங்க மறந்திருப்பாரு'ன்னா."

ஐஸ்காரர் போனை வைத்தார்.

அவள் காட்டிக்கொடுக்க மாட்டாள். அது அவருக்கு நன்றாகத் தெரியும். அதுதான் இப்போது பயமாக இருந்தது.

மூன்று முப்பத்தைந்துக்குப் பாப்பா வந்தாள். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மூக்கு நுனியில் மாவு. கையில் ரொட்டிப் பொட்டலம். கும்பிட்டாள், சுவரோரமாக முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். அப்பாவைப் பார்க்கவில்லை.

"சரியாயிடுச்சா?" என்றார் போதகர்.

"ஆயிடுச்சுங்கய்யா. கேக்குக்கு ஒண்ணும் ஆகல."

"என்னம்மா கோளாறு?" என்று கேட்டார் டாக்டரம்மா, பேனாவைத் திறந்துகொண்டே.

"ஒரு வயர்... கழண்டிருந்துச்சு டாக்டர்."

"தானாவா?"

பாப்பா வாயைத் திறந்தாள். மூடினாள். ஐஸ்காரர் அதைப் பார்த்தார். ஆமாம் என்றால் பொய். மிஷனில் சேர வந்தவளின் முதல் வார்த்தை பொய்யாக இருக்கும். இல்லை என்றால் அடுத்த கேள்வி அப்பாவின் தலையில் விழும். இரண்டு பக்கமும் அடைபட்ட குழாய் மாதிரி அவள் உட்கார்ந்திருந்தாள். இந்தக் குழாயைப் பிடிக்க வேண்டியவர் அவர்தான்.

"நான்தான் கழட்டினேன்" என்றார் ஐஸ்காரர்.

டாக்டரம்மாவின் பேனா பாதி எழுத்தில் நின்றது.

"காலையில போய்க் கழட்டி வெச்சுட்டு வந்தேன். நீங்க வர்ற நேரத்துக்கு இவ இங்க இருக்கக் கூடாதுன்னு. இடுப்பும் பொய். ரொட்டி தீர்ந்துச்சுன்னதும் பொய். பேக்கரிக்காரன் பாவம், நான் சொல்லித்தான் பண்ணான்."

முதலில் அசைந்தது அம்மாதான். "ஏன்யா, உனக்கு..." என்று ஆரம்பித்து, போதகர் இருப்பது ஞாபகம் வந்து, "உங்களுக்கு அறிவிருக்கா?" என்று முடித்தாள். "கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்காவது தாங்கும். உங்களது ஒரு மத்தியானம் தாங்கல! பெத்த பிள்ளை காலை வாரிவிடறதுக்கு இடுப்பு வலின்னு ஒரு நாடகம்! நானும் தைலத்தை எடுத்துச் சூடுபண்ணி வெச்சேனே!"

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று போதகர் பதறிப்போய் எட்டிப் பார்த்தார். சிரித்துக்கொண்டிருந்தார். அவ்வளவு பெரிய குரலுக்குச் சத்தமே வராத சிரிப்பு.

"எவ்வளவு நேரத்தில கண்டுபிடிச்சே?" என்று கேட்டார் பாப்பாவிடம்.

"ரெண்டு நிமிஷம் டாக்டர். டேப்ல காது இருந்துச்சு." இப்போதுதான் அவள் அப்பாவைப் பார்த்தாள். "அப்புறம் ஒரு பத்து நிமிஷம் சும்மா உக்காந்திருந்தேன். அழறதா சிரிக்கிறதான்னு தெரியல. தப்பு பண்ணப் போன இடத்திலயும் காது விட்டுட்டு வந்திருக்காரே..." கொழுக்கட்டை விழுங்கியவள் அன்றைக்கு முதல் தடவையாகத் தெளிவாகப் பேசினாள். "நான் மனசு மாறல டாக்டர். எனக்கு வரணும். ஆனா அப்பாவை இப்படித் திருட்டு வேலை பண்ண வெச்சுட்டு வர முடியாது. அவர் வாயால போன்னு சொன்னாதான் வருவேன். இல்லைன்னா அடுத்த வருஷம் கேப்பேன். அதுக்கடுத்த வருஷமும் கேப்பேன்."

"பாத்தீங்களா?" என்றார் ஐஸ்காரர் டாக்டரம்மாவிடம். "பிடிவாதம்னேனே."

நாலடிக்கப் பன்னிரண்டு நிமிஷம் இருந்தது. எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். அவர் மேஜைமேல் இருந்த ரொட்டிப் பொட்டலத்தைப் பார்த்தார். அதன் நூலை அவிழ்த்தார். மறுபடி கட்டினார்.

"உங்க ஆஸ்பத்திரியில கரண்ட் எத்தனை மணி நேரம் இருக்கும்?"

"ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் இருந்தா அதிகம்" என்றார் டாக்டரம்மா.

"வோல்டேஜ்?"

"அது மலை மாதிரி. ஏறும், இறங்கும்."

"ஸ்டெபிலைசர்?"

"ஒண்ணு இருக்கு. புகை வருது."

"புகை வருதா!" ஐஸ்காரருக்கு நிஜமான கோபம் வந்தது. "அதை வெச்சுக்கிட்டுத் தடுப்பூசி மருந்தைக் காப்பாத்தறீங்களா? கம்ப்ரஸர் செத்துப்போகாம என்ன செய்யும்? பாப்பா, நம்ம பட்டறையில மேல் தட்டுல ஒரு ஸ்டெபிலைசர் இருக்கு பாரு, நானே செம்புக் கம்பி சுத்தின பெருசு, அதை எடுத்துக்க. ஏறி இறங்கற இடத்துக்கு அதான் தாங்கும். கேஸ் உருளை ரெண்டு. குழாய் வெட்டற சின்னக் கத்தி உன்னோடது மழுங்கிப்போச்சு, என்னோடதைக் கொண்டுபோ. அங்க கேட்டா கிடைக்காது. குழாய் பிடிக்க யாராவது ஆள் இருக்கா டாக்டர் அங்க?"

"அந்த நர்ஸ் பிடிப்பாங்க."

"கை நடுங்காதே?"

"ஊசி போடற கை."

"அப்ப சரி" என்றார் ஐஸ்காரர்.

அந்த இரண்டு வார்த்தையில் எல்லாம் முடிந்துவிட்டது. பாப்பா முக்காலியிலிருந்து எழுந்து வந்து, அவர் இடுப்பில் இல்லாத வலியின்மேல் கையை வைத்தாள். அம்மா ரொட்டியை அறுக்கப் போனாள். போகிற போக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சூடு பண்ண தைலத்தை என்ன பண்றது?" என்றாள் யாரையும் பார்க்காமல்.

"எனக்குக் குடும்மா" என்றார் டாக்டரம்மா. "எனக்கு நிஜமாவே முழங்கால் வலி."

டாக்டரம்மா பஸ்ஸுக்குக் கிளம்பிப் போனார். அடுத்த மாதம் முதல் வாரம் வரச் சொல்லியிருந்தார். வெயில் சாய்ந்தபோது பேக்கரிக்காரர் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரலாமா, அடி விழுமா என்று தெரியாத நிற்பு. கையில் ஒரு சின்ன அட்டைப்பெட்டி.

"கேக் ஓரம் வெட்டினதுண்ணே. மேல்தட்டு கோணாம இருக்கு, மாப்பிள்ளை வீட்டுலயே வந்து பாத்துட்டுப் போயிட்டாங்க." பையைத் துழாவி ஒரு சீட்டை எடுத்தார். "பாப்பா எழுதி வெச்சுட்டு வந்தது. கீழ உங்க கையெழுத்து வேணுமாம்."

பட்டறையின் வேலைச் சீட்டு. ஒவ்வொரு வேலைக்கும் ஒன்று எழுத வேண்டும் என்பது ஐஸ்காரர் போட்ட சட்டம். பாப்பாவின் சாய்ந்த எழுத்து. நேரம் போடுகிற கட்டத்தில் 2.50 என்று இருந்தது. அவர் வெளிச்சத்துக்காகச் சீட்டை வாசல் பக்கம் திருப்பினார்.

*பழுது: கம்ப்ரஸருக்குப் போகும் வயர் கழற்றப்பட்டிருந்தது.*

*காரணம்: அப்பா.*

*செய்த வேலை: மாட்டினேன். இறுக்கினேன். மேலே டேப் சுற்றினேன்.*

*குறிப்பு: அடுத்து இந்தப் பெட்டியைத் திறப்பவர் தனியாக வருவார். காது விட்டிருக்கிறேன்.*

இரண்டு ஐம்பது. அவர் டாக்டரம்மாவுக்குப் பேனா எடுத்துக் கொடுப்பதற்கு முன்பு. 'அப்ப சரி' என்பதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பு.

"என்னண்ணே எழுதியிருக்கா?" என்றார் பேக்கரிக்காரர்.

ஐஸ்காரர் பாக்கெட்டில் பேனாவைத் தேடினார்.

"வேலை சுத்தம்னு எழுதியிருக்காய்யா" என்று சொல்லி, கையெழுத்துப் போட்டார்.